துன்ஹிந்த அருவிக்கு ஒரு நடை



மலைநாட்டில் பிறந்தவர்களுக்கு நடை என்பது பொழுதுபோக்கன்று, அன்றாடத் தொழில். லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும், பொழுது சாய்ந்தபின் மீண்டும் லயத்துக்குமாகக் கிழமை முழுவதும் நடந்து களைத்த கால்கள் ஞாயிற்றுக்கிழமையிலும் நடக்க விரும்புமா என்று நீங்கள் கேட்கக்கூடும். விரும்பும் என்பதற்கு நானே சாட்சி. சிறு பிராயத்தில் என் பெரியப்பா என்னைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற ஒரு பாதையை இன்று உங்களுக்குக் காட்ட எண்ணுகிறேன்.

கொழும்பிலிருந்து மலையேறி வரும் புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டு பதுளையை எட்டியது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. பதுளை நகரிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியில் ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் சென்றால், வீதியிலிருந்து பிரிந்து ஒரு நடைபாதை தொடங்கும். அதன் நீளம் ஒன்றரைக் கிலோமீற்றர் அளவுதான். செங்குத்தான ஏற்றம் இல்லை. அவசரமின்றி நடந்தால் முதியோரும் சிறுவரும் எளிதில் சென்று திரும்பலாம். பாதையின் முடிவிலே இருப்பது துன்ஹிந்த அருவி.

எளிய பாதைதான், எனினும் அது தன் பொருளை எளிதில் காட்டிவிடுவதில்லை. ஒரு பக்கம் மலைச்சரிவு. மறு பக்கம் ஆழ்ந்த பள்ளத்தாக்கு. அந்தப் பள்ளத்தாக்கின் அடியிலே பதுளு ஓயா ஓடுகிறது. மரங்களுக்கிடையே சிற்சில இடங்களில்தான் ஆறு கண்ணுக்குத் தெரியும். பாதி வழியில், தொலைவிலே சிறியதோர் அருவி தென்படும். புதிதாக வருவோர் பலர் அதையே துன்ஹிந்த என்று எண்ணி மகிழ்வதுண்டு. நானும் அவ்வாறே எண்ணிக் கூவினேன். பெரியப்பா சிரித்துக்கொண்டு, "இது தங்கச்சி, தம்பி, அக்கா இன்னும் உள்ளே இருக்கிறாள்" என்றார்.

அதன் பின்னர் காதுதான் வழிகாட்டி. முதலில் காற்றின் இரைச்சலோ என்று ஐயுறும்படி ஓர் ஒலி கேட்கும். வளைவு ஒன்றைத் தாண்டினால் அது மறைந்துவிடும். அடுத்த வளைவில் முன்னிலும் வலுத்து வரும். முகத்தில் ஈரம் படும். இறுதித் திருப்பத்தில்தான் அதுவரை மறைந்திருந்த பாறைச் சுவர் முழு உருவுடன் எதிரே நிற்கும். அதன் உச்சியிலிருந்து 64 மீற்றர், அதாவது 210 அடி, கீழே பாய்கிறது பதுளு ஓயா. விழுந்த நீர் புகையாய் எழுந்து பள்ளத்தை மூடுகிறது. புகைபோல் எழும் இந்த நீர்த்துளிகளாலேயே சிங்கள மொழியில் அருவிக்குத் துன்ஹிந்த என்ற பெயர் அமைந்தது என்பர். தமிழிலே நாம் துமி என்று சொல்கிறோம்.

இப்பாறைச் சுவரைச் சற்று நினைத்துப் பாருங்கள். மலைநாட்டின் பாறைகள் பூமியின் ஆழத்திலே, பெரும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆட்பட்டு உருமாறியவை. அவ்வாறு உருமாறி ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அக்காலத்தில் இலங்கையும் தென்னிந்தியாவும் ஒரே பெருநிலத்தின் பகுதிகளாய் இருந்தன. சென்னையை அடுத்த பரங்கிமலையிலே கிடைக்கும் சார்னோக்கைட் என்னும் பாறையினம் இலங்கை மலைநாட்டிலும் பரந்து கிடக்கிறது. கடல் கடந்து வந்து இம்மலைகளில் கோப்பியும் தேயிலையும் நட்ட நம் முன்னோர், தாம் விட்டு வந்த மலைகளின் உறவுக்கல்லையே இங்கும் மிதித்தனர். அதை அவர்கள் அறிந்திருக்கமாட்டார்கள்.

ஆற்றின் வழியிலே வலிய பாறை குறுக்கிட்டால் நீர் அதை எளிதில் அரிக்க முடியாது. ஆனால் அதற்குக் கீழே வலுக்குன்றியதும் வெடிப்பு மிகுந்ததுமான பகுதிகள் அரிபட்டுப் போகும். மேலே படி நிற்கும். கீழே பள்ளம் ஆழமாகும். அருவி பிறப்பது பெரும்பாலும் இவ்வாறே. பாறை தாங்கி நிற்பதனால்தான் நாம் அழகைக் காண்கிறோம்.

நாங்கள் அருவியின் எதிரே நின்றபோது நான் உச்சியைப் பார்த்தேன். பெரியப்பா நீரின் நிறத்தைப் பார்த்தார். அவர் தோட்டத்திலே கான் வெட்டியவர். மழைநீர் மண்ணுக்குள் இறங்கித் தங்கிவிடாமல் வடிந்தோடுவதற்காகத் தேயிலைச் செடிகளின் நிரைகளுக்கிடையே வெட்டும் வடிகாலையே தோட்டத்தில் கான் என்பார்கள். "கல் அசையாது, தம்பி. கல்லின்மேல் இருக்கும் மண்தான் அசையும். அதன்மேல் நாம் இருக்கிறோம்" என்றார் அவர். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

ஊவாவின் மழைக்காலம் மேற்கு மலைச்சரிவுகளின் மழைக்காலத்தினின்றும் வேறுபட்டது. யூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கே தென்மேற்குப் பருவமழை பொழியும்போது, மலைத்தொடரைக் கடந்து வரும் காற்று இங்கே உலர்ந்து வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகெங்கும் மதிப்புத் தரும் மணம் அந்த வறண்ட காற்றிலேதான் ஊறுகிறது. ஒக்டோபர் மாதத்துக்குப் பின்னரே பெருமழை வரும். துன்ஹிந்த தன் முழு வனப்புடன் பாய்வதும் அப்போதுதான். அருவி நிறையும் அதே மாதங்களில்தான் லயங்களிலே உறக்கம் கெடுகிறது.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவு இடிந்து இறங்கி லயங்களை மண்ணுக்குள் புதைத்தது. அன்று காலை பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் சிலர் உயிர் தப்பினர். மாலையில் திரும்பிச் செல்ல அவர்களுக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் அபாயமானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்திலே மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன.

எச்சரிக்கை மட்டும் போதாது. எச்சரிக்கப்பட்டவர் சென்று தங்குவதற்கு ஓரிடம் வேண்டும். பாதுகாப்பான நிலத்திலே சொந்த வீடு என்பது தோட்டத்து மக்கள் கேட்கும் சலுகையன்று. உயிரோடு இருப்பதற்கான நிபந்தனை. அது கைகூடும்வரை, மலை தரும் குறிப்புகளை நாமாவது அறிந்திருத்தல் வேண்டும்.

தெளிந்தோடிய ஊற்று திடீரெனக் கலங்கினாலும், புதிய ஊற்றுத் தோன்றினாலும், ஓடிக்கொண்டிருந்த ஊற்று நின்றுபோனாலும் கவனியுங்கள். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புகள், சாயத் தொடங்கும் மரங்கள், காரணமின்றி இறுகிப் போகும் கதவுகள், இவையெல்லாம் மண் நகர்வதன் அடையாளங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவையும் எச்சரிக்கைக்கு அடிப்படையாகக் கொள்கிறது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு. 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தம். 150 மில்லிமீற்றர் ஆனால் உடனே வெளியேற்றம். செங்குத்தான பக்கங்களும் தட்டையான அடியும் கொண்ட வெறுந்தகரம் ஒன்றைத் திறந்த வெளியிலே வைத்து, மூன்று அங்குலத்தில் ஒரு கோடு இட்டால் முதல் எல்லை தெரிந்துவிடும். அடையாளங்களைக் கண்டால் கோட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இரவானாலும் வெளியேறுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் தனியே துன்ஹிந்தவுக்கு நடந்தேன். பெரியப்பா இப்போது இல்லை. குரங்குகள் அதே மரங்களில் தாவின. ஒலி முன்பு போலவே வளைவுகளில் மறைந்து மறைந்து வந்தது. அருவியின் எதிரே நின்றபோது, என்னை அறியாமலே, முதலில் நீரின் நிறத்தைப் பார்த்தேன். அன்று அது தெளிவாக இருந்தது. அதன் பின்னர்தான் தலையை நிமிர்த்தி உச்சியைப் பார்த்தேன்.

நேயர்களே, பதுளைக்கு வந்தால் நீங்களும் அந்தப் பாதையில் நடந்து பாருங்கள்.