ஓர் அடுக்கில் இரு மின்கலங்கள்



மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்குச் சொற்களின் பூர்வோத்தரத்தை விசாரிக்கும் பழக்கம் எளிதில் விடுவதில்லை. நாம் நாள்தோறும் வழங்கும் 'பாட்டரி' என்னும் சொல் முதலில் பீரங்கி வரிசையைக் குறித்தது. 18-ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்கிளின், மின்சாரத்தைத் தேக்கும் கண்ணாடிச் சாடிகள் பலவற்றை ஒன்றாகப் பிணைத்தபோது, படைத்துறையிலிருந்து அச்சொல்லை இரவல் வாங்கினார். தமிழில் 'மின்கல அடுக்கு' என்கிறோம். ஒருசேர நின்று ஒருசேர வேலை செய்வது என்பதே அதன் உட்பொருள். வெவ்வேறு கம்பெனிகளின் பாட்டரிகளை வீட்டுச் சூரிய மின் அமைப்பில் கலந்து இணைக்கலாமா என்ற வினாவுக்கு இந்த உட்பொருளை மனத்திற்கொண்டே விடை தேட வேண்டும்.

வடபுலத்தில் வாழும் நம்மவர்க்கு இது ஏட்டுக் கேள்வியன்று. ஓர் ஊரில் ஒரு பாட்டரி வாங்கியிருப்போம். மாற்றல் உத்தரவு வந்து வேறோர் ஊர் சென்றபின் மற்றொன்று வாங்குவோம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய 'பி.எம். சூர்ய கர்' திட்டத்திற்குப் பின் மாடிதோறும் சூரியத் தகடுகள் பெருகி வருகின்றன. ஆனால் பாட்டரியின்றிப் பொது மின்கம்பியோடு மட்டும் இணைந்த தகடுகள், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தாமும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். ஆகவே ஜூன் மாதத்து நள்ளிரவில் மின்வெட்டு நேர்ந்தால் துணைக்கு வருவது பாட்டரியே.

தில்லியில் எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவரின் இல்லத்தில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். அவர்தம் அன்னையார்க்கு இரவெல்லாம் ஆக்ஸிஜன் செறிவூட்டும் கருவி தேவை. 12 வோல்ட்டு பாட்டரிகள் இரண்டைத் தொடராகப் பிணைத்த 24 வோல்ட்டு அமைப்பு அவ்வீட்டில் இருந்தது. நான்காம் ஆண்டில் இரண்டில் ஒன்று பழுதாயிற்று. கடைக்காரர் வேறொரு கம்பெனியின் புதிய பாட்டரியைக் கொணர்ந்து, "இதுவும் 150 ஆம்பியர்-மணிதான், கவலை வேண்டாம்" என்று பொருத்திச் சென்றார். சில மாதங்கள் குறையின்றிக் கழிந்தன. அடுத்த வேனிலில், ஐந்து மணி நேரம் தாங்க வேண்டிய அமைப்பு ஒரு மணி நேரத்திற்குள் ஓய்ந்தது. அருகில் ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று இருந்தமையால் அவ்விரவு விபரீதமின்றிக் கடந்தது.

மறுநாள் மின்னேற்றம் நடக்கும்போது அளந்து பார்த்தார்கள். இன்வர்ட்டரின் முகப்பு 28.6 வோல்ட்டு காட்டியது. பார்ப்பவர்க்கு எல்லாம் செம்மை! தனித்தனியே அளந்தபோதோ பழையதில் 15.4, புதியதில் 13.2. இன்வர்ட்டர் கூட்டுத்தொகையை மட்டுமே அறியும்; உறுப்பினரின் நிலையை அது அறியாது. தொடர் இணைப்பில் இரு பாட்டரிகளுக்குள்ளும் ஒரே மின்னோட்டமே செல்கிறது. கொள்ளளவு குறைந்த பழையது விரைவில் நிரம்பி, மேன்மேலும் ஏற்றம் பெற்றுக் கொதித்து, நீரை இழந்தது. புதியது முழுமையாக நிரம்பாமலே நின்று, அதன் ஈயத் தகடுகளில் சல்பேட்டுப் படிவு இறுகிற்று. மின்சாரம் இறங்கும்போதும் இதே கதை. ஒன்று 9 வோல்ட்டுக்கு வீழ்ந்தாலும், மற்றது 12.1 வோல்ட்டில் நின்றால், தொகை 21.1 ஆகிறது, 21 வோல்ட்டில் நிறுத்த வேண்டிய காவற்கருவி வாளாவிருக்கும்.

கம்பெனியின் பெயரா இங்கே குற்றவாளி? அன்று என்பதே என் கருத்து. அதே கம்பெனியின் புதிய பாட்டரியைப் பழையதோடு பிணைத்திருந்தாலும் விளைவு ஏறத்தாழ இதுவேயாகும். வயது, கொள்ளளவு, உள்ளமைப்பு, மின்னேற்றத்திற்குரிய வோல்ட்டு ஆகிய இவை ஒத்திருத்தல் வேண்டும். ஒரே கம்பெனியில், ஒரே மாதிரியில், ஒரே நாளில் வாங்கினால் இவை பெரும்பாலும் தாமே ஒத்துவிடும். பெயரின் பயன் அவ்வளவே. மேலே பொறித்த எண்ணும் ஏமாற்றக்கூடும். சூரிய மின்சாரத்திற்கென விற்கும் பாட்டரிகளில் 'சி10' என்றும், சாதாரண இன்வர்ட்டர் பாட்டரிகளில் 'சி20' என்றும் குறித்திருப்பதைக் காணலாம். முன்னது 10 மணி நேரத்தில் இறக்கிக் கண்ட அளவு. பின்னது 20 மணி நேரத்தில் மெல்ல இறக்கிக் கண்ட அளவு. இரண்டிலும் 150 என்றே இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

பக்க இணைப்பில், அதாவது நேரோடு நேர், எதிரோடு எதிர் பிணைக்கும் முறையில், தீங்கு சற்றுக் குறைவு. ஆயினும் நிரம்பிய பாட்டரியிலிருந்து வறண்டதற்குள் மின்சாரம் பெருவேகத்தில் பாயும். ஆதலின் இரண்டையும் தனித்தனியே முழுமையாக ஏற்றிய பின்னரே பிணைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் இன்றியமையாதது.

இக்காலத்தில் லித்தியம் பாட்டரியும் வீடுகளுக்குள் வந்துவிட்டது. அதனை ஈய-அமிலப் பாட்டரியோடு நேரே பிணைக்க எண்ணுவோர்க்கு ஒரே சொல்: வேண்டா. நிரம்பி ஓய்ந்திருக்கும் நிலையில் ஈய-அமிலப் பாட்டரி 12.7 வோல்ட்டளவில் நிற்க, நான்கு அறைகள் கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு பாட்டரி 13.3 வோல்ட்டளவில் நிற்கும். சுமையை லித்தியமே பெரும்பாலும் தாங்க, ஈயம் வேடிக்கை பார்க்கும். ஈயத்தைச் சமன்செய்ய 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினாலோ, லித்தியத்தின் காவற்சுற்று தன்னைத் துண்டித்துக்கொள்ளும்.

அப்படியாயின், கையிலுள்ள நல்ல பழைய பாட்டரியை எறிந்துவிடுவதா? தேவையில்லை. அதற்கெனத் தனியே சிறு தகடும் மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவியும் அமைத்து, மாடிப்படி விளக்குக்கும் சிறு விசிறிக்கும் விட்டுவிடலாம். நண்பரும் அவ்வாறே செய்தார். முதன்மை அமைப்புக்கு இரண்டு புதியவற்றை ஒருசேர வாங்கினார். வாங்கிய சில மாதங்களுக்குள் இரண்டில் ஒன்று பழுதானால், அதே மாதிரியில் ஒன்றை மட்டும் மாற்றலாம். அதற்குப் பின்னரெனில் இரண்டையும் மாற்றுவதே சிக்கனம்.

மாதம் ஒருமுறை, மின்னேற்றத்தின் இறுதியில், ஒவ்வொரு பாட்டரியையும் தனித்தனியே மல்ட்டிமீட்டரால் அளந்து சுவரில் தொங்கும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வேறுபாடு மாதந்தோறும் வளர்ந்து வருமானால் தேர்ந்த மின்பணியாளரை அழையுங்கள். முற்றும் பழுதானதை வீதியில் பழைய சாமான் எடுப்பவரிடம் தர வேண்டா. ஈயமும் அமிலமும் நஞ்சு. பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் விதிகள் உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன. புதியதை வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால், அதன் மதிப்பை விலையில் கழித்துக்கொள்வார்கள்.