இலைக்குள் குடியிருக்கும் பூஞ்சைகள்

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிகளின் வீட்டு முற்றங்களில் அழகுச்செடியாகவும், நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் மருந்துப் பயிராகவும் வளரும் நித்தியகல்யாணியின் இலை, பார்வைக்கு நோயற்ற பச்சை இலையாகவே தோன்றினும், அதன் திசுக்களுக்குள் பூஞ்சைகள் மெல்லிய இழைகளாகக் குடியிருக்கின்றன. செடிக்கு வெளிப்படையான நோய் எதையும் உண்டாக்காமல் அதனுள்ளேயே வாழும் இவற்றை அகவாழ் பூஞ்சைகள் என்பர்.

காற்றோடு வந்து இலையின் மேல் ஒட்டியவை வேறு, உள்ளே வாழ்பவை வேறு என்பதால், மேற்பரப்பைத் துப்புரவாக்குவதே ஆய்வின் முதற்படியாகும். சிறு துண்டுகளாக நறுக்கிய இலையை எரிசாராயத்திலும், பின்னர் வெளுப்புக்குப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலிலும் சிறிது நேரம் அமிழ்த்தி, நுண்ணுயிர் நீக்கிய நீரில் அலசி, உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் சேர்ந்த அகார் கூழின் மீது வைத்தால், சில நாட்களில் துண்டின் விளிம்பிலிருந்து பூஞ்சையிழைகள் வெளிவரும். சென்னை விவேகானந்தா கல்லூரியில் பணியாற்றிய டி. எஸ். சூரியநாராயணனும் அவர் குழுவினரும் இத்தகைய முறையில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் மரங்களை ஆராய்ந்தபோது, ஒன்றுக்கொன்று உறவில்லாத மரங்களின் இலைகளில் ஒரே பூஞ்சையினம் வாழ்வதைக் கண்டனர்; மரத்துக்கொரு பூஞ்சை இருக்கும் என்ற எதிர்பார்ப்பு அங்கே தளர்ந்தது.

மருந்துச் செடிகளில், இலைக்குள் வாழும் பூஞ்சை எது, அது என்ன செய்கிறது என்ற கேள்விக்குத் தனி மதிப்பு உண்டு. நித்தியகல்யாணி இலையிலுள்ள வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் ஆகிய ஆல்கலாய்டுகள், அதாவது தாவரங்கள் உருவாக்கும் நைட்ரஜன் கலந்த கூட்டுப்பொருள்கள், புற்றுநோய் மருத்துவத்தில் இன்றியமையாதவை; ஆயினும் ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்பர். அச்செடியிலிருந்து பிரித்த பியூசேரியம் ஆக்சிஸ்போரம் என்னும் பூஞ்சை இவ்விரண்டையும் தானே உருவாக்குவதாகப் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தார் 2013ஆம் ஆண்டில் அறிவித்தபோது, இலையின் வேலையை ஆலைத் தொட்டியே செய்துவிடும் என்ற நம்பிக்கை வலுத்தது. அவர்கள் பெற்ற அளவோ லிட்டருக்கு 76 மைக்ரோகிராம் வின்பிளாஸ்டினும் 67 மைக்ரோகிராம் வின்கிரிஸ்டினும் மட்டுமே. அதன்படி ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குப் பதின்மூன்றாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட வளர்ப்புக் கரைசல் தேவைப்படும் என்பதால், மானாவாரி உழவரின் இலை மூட்டைக்கு மாற்று வந்துவிட்டதாகக் கொள்வது பொருந்தாது.

மேலும், ஆய்வகத்தில் மீண்டும் மீண்டும் மாற்றி வளர்க்கப்படும் அகவாழ் பூஞ்சைகள் பல, தாம் முன்னர் உருவாக்கிய மருந்துப் பொருளைப் படிப்படியாகக் கைவிடுகின்றன. செடியிடமிருந்து கிடைத்துவந்த ஏதோவொரு வேதித் தூண்டுதல் அறுபடுவதே காரணமாகலாம் என்று கருதும் ஆய்வாளர்கள், குடியிருப்பளித்த செடியின் இலைச்சாற்றையே வளர்ப்புக் கரைசலில் கலந்து, நின்றுபோன உற்பத்தியைத் தூண்டிப் பார்க்கின்றனர்.