அறுத்த வயலில் ஆடிய சடுகுடு



கும்பப்பூ அறுப்பு முடிஞ்சு, மாசி வெயிலில் வயல் காய்ந்தால் எனக்குச் சடுகுடு ஞாபகம் வந்துவிடும். எங்களுக்கு ஏது மைதானம்? தாள் நின்ற வயல்தான். பக்கத்துக்கு ஏழு பேர். மூச்சை அடக்கிப் பாடிப் போய், ஒருத்தனைத் தொட்டுத் திரும்பும் சுகம் இருக்கிறதே, அது இன்னும் மறக்கவில்லை. 1990ல் பீஜிங் ஆசிய விளையாட்டில் முதன்முதலாகக் கபடிக்குப் பதக்கம் வைத்தார்கள், தங்கம் நமக்கு. அந்தச் சேதி கேட்டு வளர்ந்தவன் நான்.

ஒருநாள் முழங்கால் பிசகியது. வீக்கம் வடியுமுன்னே, 'இன்னும் ஒரே ஆட்டம்' என்று இறங்கினேன். அதோடு சரி, ஆட்டமே போச்சு. இன்றைக்கும் வரப்பு ஏறினால் கால் வலிக்கும்.

வயலும் அப்படித்தானே? இரண்டு பூ விளைந்த மண்ணுக்கு ஓய்வு வேண்டும். கோடை மழை கிடைத்ததும் உழுது, ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதையுங்கள். 45 நாள் வாக்கில், பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் கன்னிப்பூவுக்கு நல்ல தழையுரம். பிள்ளைகள் மிதித்து இறுகிய மண்ணும் இளகிவிடும்.

அதுவரை பிள்ளைகள் ஆடட்டும், தடுக்காதீர்கள். காலில் வீக்கம் கண்டால் மட்டும், 'இருலே மக்கா' என்று பிடித்து உட்கார வையுங்கள்.