மிச்சக் காசு



அழைப்பிதழில் என் தலைப்பை "மாற்றுத்திறன் மாணவர்களுக்கான வாழ்க்கைத்திறன் கல்வி" என்று அச்சிட்டிருக்கிறார்கள். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. நான் பேசப்போவது ஒரு கடலைமிட்டாயைப் பற்றி.

இருபத்தாறு வருஷமாக நான் சிறப்பு ஆசிரியை. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், இவர்கள்தான் என் வகுப்பு. ஆரம்ப காலத்தில் பதினைந்து வயதுத் தம்பி ஒருவன் என்னிடம் படித்தான். டவுன் சிண்ட்ரோம். அவனுக்குப் பணம் சொல்லிக்கொடுத்தேன். பிளாஸ்டிக் நாணயம், அச்சடித்த பொம்மை நோட்டு, ஒட்டுப்பலகை எல்லாம் வைத்து ஆறு மாதம். அஞ்சு எடு என்றால் அஞ்சு எடுப்பான். பத்து எடு என்றால் பத்து. பதிவேட்டில் "பணம் அறிவான்" என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன்.

ஒரு நாள் பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்து, தெருமுனைப் பெட்டிக்கடைக்கு அவனைக் கூட்டிப்போனேன். கடலைமிட்டாய் அஞ்சு ரூபாய். கடை முன்னால் போய் நின்றவன் நின்றபடியே இருந்தான். என் மேசையில் பணம் வரிசையாக, சுத்தமாக, சத்தமில்லாமல் இருந்தது. இங்கே நோட்டு கசங்கிச் சட்டைப்பையில் கிடக்கிறது. பின்னாலிருந்து ஒருவர் அவன் தலைக்கு மேலே கையை நீட்டி "ஒரு தீப்பெட்டி" என்கிறார். கடைக்காரர் போனில் பேசிக்கொண்டே என்ன வேண்டும் என்று புருவத்தால் கேட்கிறார். புருவத்தால் கேட்டால் என்ன சொல்வது என்று நான் எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லையே!

கடைசியில் கடைக்காரர் அவன் முகத்தைப் பார்த்தார். மிட்டாயை எடுத்து அவன் கையில் வைத்து, "காசெல்லாம் வேணாம்ப்பா, எடுத்துக்க" என்றார்.

தங்கமான மனுஷர். ஆனால் அந்த நிமிஷத்தில் என் ஆறு மாதப் பாடம் மொத்தமும் கரைந்துபோயிற்று. பணம் கொடுக்காமலே மிட்டாய் கிடைக்கிறது என்றால், பணத்தை அவன் எதற்காகக் கற்க வேண்டும்?

மறுநாள் தனியாகப் போய் அவரிடம் பேசினேன். "அண்ணே, ரெண்டு உதவி. காசு வாங்காம மிட்டாய் கொடுக்காதீங்க. காசு வாங்கினதும் மிச்சத்தை உடனே கொடுத்துடாதீங்க. அவன் கேட்டாத்தான் கொடுக்கணும்." அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏமாத்தச் சொல்றீங்களா டீச்சர்?" என்றார். ஆமாம், கொஞ்சம் ஏமாற்றத்தான் சொன்னேன்.

தினமும் போனோம். தினமும் அவன் மிட்டாயை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவான். மிச்ச அஞ்சு ரூபாயைச் சாயங்காலம் நான் போய் வாங்கிக்கொள்வேன். இப்படி எத்தனை வாரம் போனதோ, எண்ணவில்லை. ஒரு நாள் நாலடி நடந்துவிட்டு நின்றான். திரும்பினான். கையை நீட்டி, "அண்ணே, மிச்சம்" என்றான். கடைக்காரர் கல்லாவை விட்டு வெளியே வந்துவிட்டார். அந்த அஞ்சு ரூபாயை அவர் கொடுத்த விதம் இருக்கிறதே, மணமேடையில் தாலி எடுத்துக் கொடுக்கிற மாதிரி.

வகுப்பில் வந்தது ஏன் கடையில் வரவில்லை? நம்மில் பலருக்கு ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்துக்குத் தானாகவே கூட வந்துவிடும். என் பிள்ளைகளுக்குக் கற்ற விஷயம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பித்தான் போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று மரச்சட்டத்தில் துணி தைத்த பலகை இருக்கிறது. மேசைமேல் இருக்கும் அந்தப் பித்தான் கண்ணுக்கு நேரே தெரியும். மார்பில் இருக்கும் பித்தானைப் பார்க்கத் தலை குனிய வேண்டும், கை உள்பக்கம் திரும்பி வர வேண்டும், மேல் பித்தானை மோவாய் மறைத்துக்கொள்ளும். பலகையில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை, சட்டையில் ஒரு பித்தான்கூடப் போடாமல் விழிப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சட்டையைச் சட்டையில்தான் கற்க வேண்டும். கடையைக் கடையில், பேருந்தைப் பேருந்தில்.

அந்தப் பலகையை நமக்குக் கொடுத்தவர்களில் ஒருவர் மரியா மாண்டிசோரி. இன்று அந்தப் பெயரைக் கேட்டால் பளபளப்பான பள்ளியும் கட்டண ரசீதும்தான் நினைவுக்கு வருகிறது. அந்த அம்மாள் ரோம் நகரத்து மருத்துவர். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் முதலில் பாடம் நடத்தியது, "இதுகளுக்கு எதுவும் வராது" என்று மனநலக் காப்பகங்களில் அடைத்து வைத்திருந்த பிள்ளைகளுக்கு. அவர்களிடம் பலித்ததைப் பார்த்த பிறகுதான், 1907-ல் ரோமின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் மற்றப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். 1939-ல் நம் அடையாறு பிரம்ம ஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். வந்த இடத்தில் உலகப்போர் சூழ்ந்துகொள்ள, 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். அவர் பள்ளியில் பிள்ளைகள் பித்தான் பலகையோடு நிற்கவில்லை. கை கழுவினார்கள், தரை கூட்டினார்கள், தண்ணீர் ஊற்றிப் பழகினார்கள். நாம் பலகையை எடுத்துக்கொண்டு துடைப்பத்தை விட்டுவிட்டோம். இன்னொன்றும் சொல்லித்தான் ஆக வேண்டும். யாரிடம் அந்த அம்மாள் தொழில் கற்றாரோ, அந்த மாதிரிப் பிள்ளைகளை அவர் பெயர்ப்பலகை மாட்டிய பள்ளி வாசலில் இருந்து திருப்பி அனுப்பிய கதையை எத்தனையோ பெற்றோர் வாயால் கேட்டிருக்கிறேன்.

நம் சென்னையிலேயே உருவான ஒரு கருவியும் உண்டு. விஜய் ஹியூமன் சர்வீசஸ் நிறுவனத்தில் ஜெயச்சந்திரனும் விமலாவும் சேர்ந்து அமைத்தது. 'மெட்ராஸ்' என்ற ஊர்ப்பெயரைத் தாங்கிய மதிப்பீட்டு முறை. 18 துறை, துறைக்கு 20 வீதம் 360 செயல். சாப்பிடுவது, உடுத்துவது, கழிப்பறை, காசு, நேரம், வீட்டு வேலை என்று போகும். பிள்ளைக்கு என்ன அறிவு என்று அது கேட்பதில்லை. இதைச் செய்கிறானா, செய்யவில்லையா என்று மட்டும் கேட்கும். எனக்குப் பிடித்தது அந்தக் கண்டிப்புதான். "ஓரளவு பரவாயில்லை" என்று எழுதித் தப்பிக்க முடியாது. "பணம் அறிவான்" என்று நான் எழுதிய மாதிரி பொய் எழுதவும் முடியாது.

பணம் என்றதும் நினைவு வருகிறது. பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த 2016 நவம்பர் 8 ராத்திரி நீங்களெல்லாம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் சொல்லிவிடுவீர்கள். நான் என் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண் படிக்க வராத பிள்ளைகளுக்கு நோட்டை நிறத்தால்தான் சொல்லித் தருவோம். ஐந்நூறு போயிற்று. அதோடு விட்டார்களா? பழைய நூறு நீலப்பச்சை; அடுத்த வருஷம் வந்த புது ஐம்பது நீலம். பழைய இருபது செம்மஞ்சள். புது இருநூறு மஞ்சள். ரெண்டு மூன்று வருஷத்தில் பத்து முதல் ஐந்நூறு வரைக்கும் எல்லா நோட்டும் சட்டை மாற்றிக்கொண்டது, பழசும் பையில் இருக்கிறது. இதற்கு நடுவில் பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று நம் ஊர்க் கடைகளே கிளப்பிவிட்ட வதந்தி வேறு. ரிசர்வ் வங்கி செல்லும் என்கிறது, டீச்சர் செல்லும் என்கிறாள், கடைக்காரர் மாட்டேன் என்கிறார். பிள்ளை யாரை நம்பும்? மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். ஒரு வேலையைச் சொல்லித் தரும்போது நாங்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்வோம். சட்டை போடுவது என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதில் பத்துப் பதினைந்து வேலை இருக்கிறது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினால் பாதியில் பிள்ளைக்கு அலுத்துப்போகும். அதனால் கடைசியிலிருந்து தொடங்குவோம். எல்லாவற்றையும் நாம் செய்துவிட்டு, கடைசிப் பித்தானின் கடைசி இழுப்பை மட்டும் பிள்ளையிடம் விடுவது. முடித்த சந்தோஷம் அவனுடையதாகிவிடும். அடுத்த வாரம் கடைசிப் பித்தான் முழுக்க. பிறகு கடைசி இரண்டு. முதலில் அவன் கைமேல் நம் கை இருக்கும். பிறகு மணிக்கட்டில், பிறகு முழங்கையில், பிறகு தோளில் ஒரு விரல். அதன் பிறகு நம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். என் தொழிலில் எனக்கே இன்றுவரை சரியாக வராதது அதுதான்.

ஒரு அம்மா கேட்டார்: "அவனே போட்டா இருபது நிமிஷம் ஆகுது டீச்சர். ஏழரைக்கு வேன் வந்துடும். நானும் எட்டு மணிக்கு மில்லுல இருக்கணும். நான் என்ன செய்யட்டும்?" எனக்குப் பதில் வரவில்லை. அந்த அம்மாவிடம் பொறுமையைப் பற்றி உபதேசம் செய்தால் என்னை விட முட்டாள் கிடையாது. கடைசியில் பேசி முடிவு செய்தோம். வார நாளில் நீங்களே போட்டு விடுங்கள், கடைசிப் பித்தான் மட்டும் அவன். ஞாயிற்றுக்கிழமை முழுச் சட்டையும் அவன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஞாயிறு, திங்களுக்கும் வந்தது.

இன்னொன்றை மேடையில் பேசலாமா என்று யோசித்தேன். பேசுகிறேன். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள். பல வீடுகளில் அதோடு பள்ளியை நிறுத்திவிடுகிறார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா என்று என்னிடமே கேட்ட தாய்மார் உண்டு. அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, தனியாக எத்தனை நாள் சமாளிப்பார்கள்? ஆனால் இதுவும் கையால் சொல்லித் தரக்கூடியதுதான். சிவப்புச் சாயத் தண்ணீரை நாப்கினில் விட்டு, எடுப்பது, சுருட்டுவது, தாளில் மடிப்பது, போடுவது, கை கழுவுவது என்று நாள் வருவதற்குப் பல மாதம் முன்பே பழக்குகிறோம். கதவைத் தாழிடவும் பழக்குகிறோம். உன் உடம்பை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதையும் அங்கேயே அந்தக் கதவோடு சேர்த்துத்தான் சொல்லித் தர முடிகிறது.

கைவேலை என்றதும் நம் ஊரில் மெழுகுவர்த்தி, காகித உறை, பினாயில். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாள் வந்தால் கண்காட்சி மேசையில் அதே மூன்று. வருகிறவர்கள் இரக்கப்பட்டு வாங்கிப்போகிறார்கள். எந்த வீட்டில் அந்த மெழுகுவர்த்தி எரிந்தது என்று கேட்டால் தெரியாது. நான் அதைக் கேலி செய்யவில்லை, நானும் உருக்கியிருக்கிறேன். ஆனால் இருபது வருஷம் மெழுகுவர்த்தி செய்த பையனுக்குச் சொந்தமாக ஒரு குவளை கஞ்சி காய்ச்சிக் குடிக்கத் தெரியவில்லை என்றால், நாங்கள் சொல்லித் தந்தது யாருக்காக?

சட்டம் நமக்கு நல்லதாகவே வாய்த்திருக்கிறது. 1995-ல் 7 வகைக் குறைபாடுகளைச் சொன்ன சட்டத்தின் இடத்தில் வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகையைச் சொல்கிறது. 18 வயது தாண்டிய பிள்ளைக்குச் சட்டப்படி காப்பாளரை நியமிக்க 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டமும், ஆட்சியர் இடம்பெறும் மாவட்டக் குழுவும் உண்டு. தெரியாத பெற்றோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், விண்ணப்ப விவரம் சொல்கிறேன். "எங்களுக்குப் பிறகு யாரு டீச்சர்?" என்று நீங்கள் கேட்கும் கேள்விக்கு ஒரு பாதி அங்கே இருக்கிறது. மறுபாதி, ராத்திரி பசித்தால் அடுப்பில் பாலை வைத்து இறக்கி, அடுப்பை அணைக்கத் தெரிவது. அணைப்பதைத்தான் நாங்கள் முதலில் சொல்லித் தருகிறோம்.

நேரமாகிவிட்டது, அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு அறிவிப்பு. வெளியே தாழ்வாரத்தில் என் மாணவர்கள் ஆறு பேர் டீக்கடை போட்டிருக்கிறார்கள். பாலை அவர்களே காய்ச்சினார்கள். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம். டீ 12 ரூபாய். பத்து என்று வைத்திருந்தால் எல்லாருக்கும் சுலபம். வேண்டுமென்றேதான் 12 வைத்தோம். நீங்கள் இருபது ரூபாய் கொடுப்பீர்கள். அவர்கள் எட்டு ரூபாய் எண்ண வேண்டும். வரிசை நீளும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க வேண்டாம். முக்கியமாக, "பரவாயில்லை, நீயே வச்சுக்கோப்பா" என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். கையை நீட்டிக்கொண்டு நில்லுங்கள். எட்டு ரூபாய் வரும்.