பொறுப்பைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்

இந்தச் சுங்கை காடுட் வட்டாரத்தில் பால்மரங்களுக்கு எட்டிய தொலைவிலேயே துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டை இயங்கி வருகின்றது. பல ஆண்டுகள் மண்டோராக உழைத்தவரும், ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவரும் இப்படிப்பட்ட இடங்களுக்கு வேலை மனு எழுத நேரலாம். மனு ஆங்கிலத்தில் அமையுமாயின், “இத்தனை பேர் என் பொறுப்பில் இருந்தனர்” என்பதை எச்சொல்லால் கூறுவது? அதனையே இன்று நாம் ஆராய எண்ணுகின்றோம்.

பெரிய துரை, சின்ன துரை, கிராணி என்னும் தோட்டத்துப் பெயர்கள் யார் மேல், யார் கீழ் என்பதைக் காட்டுமேயன்றி, செய்த வேலையை வெளியாருக்கு விளக்கமாட்டா. மண்டோர் என்பதோ போர்த்துக்கீசியத்திலிருந்து மலாய் வழியாக நம்மிடம் வந்த சொல்; கட்டளையிடுபவர் என்பது அதன் வேர்ப்பொருள். கங்காணி நம்முடைய சொல்லே. கண்காணிப்பவர் கங்காணி. ஆங்கிலத்தில் ‘ஓவர்சீ’ என்றால் மேலிருந்து பார்த்தல். ‘சூப்பர்வைஸ்’ என்பதும் அதே பொருளை இலத்தீனிலிருந்து பெற்றதாகும். ஆகவே மண்டோர் ஒருவர் தம் மனுவில் ‘சூப்பர்வைஸ்’ என்று எழுதுவது தற்பெருமை ஆகாது; தம் தொழிலின் பெயரையே ஆங்கிலத்தில் சொல்லுகின்றார்.

‘பாஸ்’ என்னும் சொல் டச்சு மொழியிலிருந்து அமெரிக்கா வழியாக ஆங்கிலத்தில் புகுந்தது. காப்பிக்கடைப் பேச்சுக்கு அது நன்று. “இருபது பால்வெட்டுக்காரர்களுக்கு நான் பாஸாக இருந்தேன்” என்று மனுவில் எழுதினால், படிப்பவர் புன்முறுவல் செய்வார். நடத்துதல் என்னும் பொருளில் வரும் ‘ரன்’ என்பதும் பேச்சு வழக்கே.

‘இன் சார்ஜ் ஆஃப்’ என்பது நடுத்தரமானது. பேச்சிலும் செல்லும், கடிதத்திலும் செல்லும். ‘சார்ஜ்’ என்பதன் பழம்பொருள் சுமை. நம் ‘பொறுப்பு’ம் சுமை தாங்குதலைக் குறிக்கும் ‘பொறு’ என்பதிலிருந்தே பிறந்தது. ஆனால் இதில் ஒரு சிறு சொல் பெரும் வேறுபாட்டை விளைவிக்கும். ஆயா பிள்ளைகளுக்கு ‘இன் சார்ஜ் ஆஃப்’. பிள்ளைகளோ ஆயாவின் ‘இன் தி சார்ஜ் ஆஃப்’. இடையில் ‘தி’ புகுந்தால், பார்த்துக்கொள்பவர் பார்த்துக்கொள்ளப்படுபவராக மாறிவிடுவார்! “நான்தான் இன்சார்ஜ்” என்று பெயர்ச்சொல்லாக நாம் பேசுவதையும் மனுவில் தவிர்த்தல் நலம். ‘சார்ஜ்ட் வித்’ என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். அது பணி ஒப்படைக்கப்பட்டதையும் குறிக்கும், நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டதையும் குறிக்கும்.

‘ரெஸ்பான்சிபிள் ஃபார்’ என்பது அலுவலகத்திற்கு ஏற்ற மதிப்பான தொடர். விடை சொல்லுதல் அதன் வேர். மலாயில் ‘பெர்தாங்கோங்ஜாவாப்’ என்னும்போது, தாங்குதலும் விடை சொல்லுதலும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. எனினும் தீ, திருட்டு, பால் நட்டம் முதலியவற்றோடு ‘ரெஸ்பான்சிபிள்’ சேர்ந்தால், அவற்றுக்குக் காரணமானவர் என்று பொருள்படும். அத்தகைய தாளில் கையொப்பமிடும் முன் ஒருமுறைக்கு இருமுறை படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சொல் ஊதியத்தையும் தொடுகின்றது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் முதல் அட்டவணையில், உடலுழைப்புத் தொழிலாளர்களை ‘சூப்பர்வைஸ்’ அல்லது ‘ஓவர்சீ’ செய்பவர் தனியே குறிக்கப்பட்டுள்ளார். 2023 சனவரி முதல் அச்சட்டம் எல்லா ஊழியர்களுக்கும் உரியதாயிற்று. ஆயினும் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் பெறுவோருக்குக் கூடுதல் நேரச் சம்பளம் போன்ற சில உரிமைகள் இல்லை. உடலுழைப்பாளரை வேலை நேரம் முழுவதும் உடனிருந்து மேற்பார்ப்பவருக்கோ அந்தத் தடை கிடையாது. பதவியின் பெயரைவிடச் செய்யும் வேலையே அங்கு முதன்மையாகக் கருதப்படும். எனவே ‘மேனேஜர்’ என்ற பெரும்பெயர் கிடைத்ததென்று மகிழும் முன், ஒப்பந்தத்தில் எழுதியுள்ள வேலையை நோக்குங்கள்.

மனுவில் இவ்வளவு போதும்: “ஐ சூப்பர்வைஸ்ட் ட்வென்டி டேப்பர்ஸ்.” அதன்பின் எத்தனை ஆண்டுகள், எந்த டிவிஷன், பிரட்டில் பெயர் பதிந்தீரா, பால் நிறுத்தீரா என்பவற்றைச் சேர்த்து எழுதுங்கள். இவற்றை உறுதிசெய்யும் கடிதம் ஒன்றைத் தோட்ட அலுவலகத்திலிருந்து இப்போதே பெற்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டம் கைமாறிய பின் பழைய செக்ரோலைத் தேடிப் பிடிப்பது அரிது.