அடுப்பு மூட்டுமுன் புகைக்கூட்டைப் பாருங்கள்



புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், முள்ளிவாய்க்கால் என்று சொந்த ஊருக்குத் திரும்புகிறீர்கள். வீட்டுக்குள் போனதும் ஒரு தேத்தண்ணி வைக்கத்தான் மனம் சொல்லும். அதற்கு முன் குசினியின் புகைக்கூட்டைப் பாருங்கள்.

ஆளில்லாத வீட்டின் புகைக்கூட்டில் குருவியும் குளவியும் கூடு கட்டியிருக்கும். பழைய கரியும் படிந்திருக்கும். முகாமில் வெட்டவெளியில் மூன்று கல் வைத்துச் சமைத்தபோது புகை காற்றோடு போனது. நாலு சுவருக்குள் அதற்கு வழி வேண்டும். வழி அடைபட்டால் புகை உங்கள் நெஞ்சுக்குள்ளும், மடியிலிருக்கும் பிள்ளையின் நெஞ்சுக்குள்ளும் போகும். வீட்டுக்குள் அடுப்புப் புகையைச் சுவாசிக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நிமோனியா வரும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தடித்த கரி தீப்பிடிக்கவும் கூடும். கிடுகுக் கூரையென்றால் ஒரு பொறியே போதும்.

முதலில், வெளியில் நின்றே உள்ளே நன்றாகப் பாருங்கள். கூரையிலோ புகைக்கூட்டிலோ இன்னதென்று தெரியாத பொருள் கிடந்தால் தொடாதீர்கள், கம்பால் தட்டாதீர்கள். பிள்ளைகளை விலக்கிவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் துப்புரவைத் தொடங்கலாம். அடுப்பு முழுதாக ஆறியிருக்க வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள். அடுப்பின் மேல் ஈரச்சாக்கு விரியுங்கள். நீண்ட கம்பின் நுனியில் பொச்சுமட்டையை இறுக்கிக் கட்டி, உட்பக்கத்தை மேலும் கீழுமாகத் தேயுங்கள். விழும் கரியைச் சாக்கோடு சுருட்டி, கிணற்றுக்குத் தூரத்தில் புதையுங்கள்.

புகைக்கூட்டின் உச்சியில் கம்பிவலை இருந்தால் கழற்றித் தேயுங்கள். துருப்பிடித்து உடைந்திருந்தால் புதுக் கம்பிவலை போடுங்கள். நைலோன் வலை வேண்டாம், அது சூட்டில் உருகிவிடும்.

பிறகு சிறு தீ மூட்டிப் பாருங்கள். புகை நேரே மேலே போனால் சரி. குசினிக்குள் திரும்பி வந்தால் அடைப்பு இன்னும் இருக்கிறது.

மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். விறகை நன்றாகக் காயவைத்து எரியுங்கள், பச்சை விறகுதான் அதிகம் கரி பிடிக்க வைக்கும். சமைக்கும் நேரம் யன்னலைத் திறந்து வையுங்கள், கைக்குழந்தையைக் குசினிக்கு வெளியே வைத்திருங்கள்.

புகைக்கூடு தீப்பிடித்தால் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். பொருட்களை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். வீட்டைத் திரும்பக் கட்டலாம், நீங்கள்தான் முக்கியம்.