மூளை முடக்குவாதமும் வீட்டுப் பயிற்சியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் இலக்கியம் கேட்டுப் பழகிய உங்களிடம் பிணியொன்றைப் பற்றிப் பேச வந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறோம். நாங்கள் மருத்துவம் கற்றவர்கள் அல்லோம். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. சரக்கு அலுவலகத்தில் ரசீது எழுதிக் காலந்தள்ளுகிறோம். எட்டு வயதாகும் எங்கள் இளைய மகனுக்கு மூளை முடக்குவாதம் என்பது இக்காலனியில் யாவரும் அறிந்ததே. அவனால் நாங்கள் கற்றதையே சொல்ல வந்தோம்.

கருவிலோ, பிறக்கையிலோ, பிறந்த சில காலத்திற்குள்ளோ, வளரும் மூளைக்கு நேரும் ஊறு இது. குறைமாதப் பிறப்பு, மிகக் கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் எனக் காரணங்கள் பல. காரணம் தெரியாமற் போவதும் உண்டு. கிரகணத்தன்று தாய் காய் நறுக்கியதால் வந்ததென்று எங்கள் இல்லத்தாரிடம் நேரிற் சொன்னவர்களும் இருக்கிறார்கள். அச்சொல் தைத்த இடம் இன்னும் ஆறவில்லை.

லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1862-ஆம் ஆண்டிலேயே இந்நோயைப் பற்றி விரிவாக எழுதினார். மூளையில் நேர்ந்த சேதம் நாளடைவில் பெருகுவதில்லை. ஆனால் குழந்தை வளர்கிறது அல்லவா? எலும்பு நீள்கிறது, விறைத்த தசையோ அதற்கு ஈடாக நீளமாட்டாமல் பின்தங்குகிறது. இரண்டு வயதில் இளக்கமாயிருந்த கணுக்கால் ஏழு வயதில் இறுகிவிடுவது இதனாலேயே.

முதல் மூன்றாண்டுகள் நாங்கள் செய்த பிழையை மறைக்க விரும்பவில்லை. தைலம் தேய்த்தோம், நேர்ந்துகொண்டோம். பிறகு, கால் நீவுவதில் கைதேர்ந்தவர் என்று ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் முழங்காலை அழுத்திக் கணுக்காலை இழுப்பார், குழந்தை அலறுவான். அலறினால் நரம்பு திறக்கிறதென்பார். அவன் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்களே. எண்ணெய் தேய்ப்பதில் கெடுதியில்லை. குழந்தைக்குச் சுகமாகவும் இருக்கும். ஆனால் அது சிகிச்சையன்று.

பின்னர் ஒரு பிசியோதெரபி அம்மையாரிடம் சென்றோம். அவர் காலைத் தொடுமுன் கேட்ட கேள்வி, "இவனுக்கு எதில் ஆசை?" என்பது. அதுவரை எவரும் அப்படிக் கேட்டதில்லை. ரயில் பார்ப்பதில் என்றோம். எங்கள் குவார்ட்டர்ஸின் பின்புற ஜன்னலிலிருந்து தண்டவாளம் தெரியும்; சரக்கு வண்டி வந்தால் தூக்கிக் காட்டுவோம். "இனித் தூக்காதீர்கள்" என்றார்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவக்கும் அவருடைய குழுவினரும் உலகெங்கும் நடந்த ஆய்வுகளை எடைபோட்டு 2013-இலும் 2020-இலும் வெளியிட்ட முடிவுகளை அவர் எளிமையாக விளக்கினார். பிறர் கையால் இழுத்து நீட்டுவதால் மட்டும் விளையும் பயன் சொற்பம். தனக்கு வேண்டியதொன்றை அடையக் குழந்தை தானே முயன்று, அதையே திரும்பத் திரும்பப் பழகும்போது மூளை கற்றுக்கொள்கிறது. அப்பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம்.

ஆகவே ஜன்னலடியில் ஸ்டூல் போட்டோம். கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டையணிந்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, கம்பியைப் பற்றி அவனே எழ வேண்டும். முதலில் உயரமான ஸ்டூல். அது எளிதானபின் தாழ்ந்தது. மற்றவையும் இவ்வாறே அன்றாட வேலைகளோடு கலந்தவை. இரு கைகளாலும் டம்ளரைப் பிடித்துக் குடிப்பான். தாயாருக்கு வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவான். வாசற்படி ஒன்றை ஏறி இறங்குவான். அவசரமாக அலுவலகம் புறப்படும் காலையில், அவன் ஒரு சட்டைக் கையை நுழைத்து முடிக்கும்வரை பொறுத்திருப்பது எங்களுக்கான பயிற்சி! ஒரு பக்கக் கை மட்டும் தளர்ந்த குழந்தைகளுக்கு, நல்ல கையைச் சில மணி நேரம் உறையிட்டுத் தளர்ந்த கையைப் பழக்குவதும் உண்டு. நிபுணர் சொல்லாமல் இதைச் செய்யலாகாது.

எல்லாக் குழந்தையும் நடக்கும் என்று சொல்லமாட்டோம். இயக்கத் திறனை ஐந்து படிகளாகப் பிரிக்கும் முறை 1997-இல் வெளியாயிற்று. ஐந்தாம் படியிலுள்ள குழந்தைக்குத் தலை நிமிர்வதும், தாங்கலோடு அமர்வதுமே பெரிய இலக்காகலாம். இடுப்பு மூட்டு விலகுகிறதா என்று மருத்துவர் சொல்லும் காலந்தோறும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தல் அவசியம். வலித்தால் நிறுத்துங்கள், எங்கள் மகனிடம் நாங்கள் இதைத் தாமதமாகக் கற்றோம்.

இத்தகைய குழந்தைகளுக்கென மிது ஆலூர் அம்மையார் 1972-இல் பம்பாய்க் கொலாபாவில் பள்ளி தொடங்கினார். மகள் மாலினிக்கு நேர்ந்த இந்நோயே அதற்குத் தூண்டுகோல். அம்மகள் பின்னர் ஒரு விரலால் தட்டச்சு செய்து தன் வரலாற்றையே நூலாக எழுதினார்.

அலுவலகச் செய்தி ஒன்றும் சொல்லிவிடுகிறோம், பலர் அறியாதது. இத்தகைய பிள்ளையைப் பராமரிக்கும் மத்திய அரசு ஊழியர் வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்குக் கோரலாமென 2014-இல் உத்தரவு பிறந்தது. துணையின்றிப் பயணம் செய்ய இயலாத பிள்ளைக்கும் உடன் செல்பவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. உரிய சான்றிதழ் வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாதோர் மாலையில் எங்கள் வீட்டிற்கு வரலாம், ஸ்டூலையும் பார்த்துப்போகலாம்.

நிலக்கரி வண்டியொன்றில் பெரும்பாலும் 58 பெட்டிகள் இருக்கும். முதல் நாள் மூன்று பெட்டி கடக்கும்வரை நின்றான். பிறகு தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். கடைசிப் பெட்டிவரை நின்று கார்டுக்குக் கையாட்ட வேண்டுமென்பது அவன் விருப்பம். நேற்று மாலை 43 வரை எண்ணினான்.